இரவின் உடல்: செயற்கை ஒளியும் உறக்கத்தின் அரசியலும்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் என் பெரியப்பா முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்: பகல், அரை நைட், முழு நைட். முழு நைட் வாரங்களில் குழந்தைகளாகிய நாங்கள் காலை எட்டு மணிக்கு மேல் சத்தம் போடக்கூடாது. கிணற்றடியில் வாளியை உருட்டக்கூடாது. அவர் படுக்கிற அறையின் ஜன்னலில் பழைய ஜமக்காளம் ஒன்று தொங்கும். அத்தனையும் செய்தும், பதினொரு மணிக்கெல்லாம் எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். "தூங்கலீங்களா பெரீப்பா?" என்று கேட்டால், "பகல்ல தூங்கறது தூக்கமாடா? கண்ண மூடீட்டுக் கெடக்கறது, அவ்வளவுதான்" என்பார். இதே மனிதர் ராத்திரி மூன்று மணிக்கு ஃப்ரேமுக்கு முன்னால் நின்றுகொண்டே தூங்கியதாகவும், மேஸ்திரி தோளில் தட்டி எழுப்பியதாகவும் சிரித்துக்கொண்டு சொல்வார். தூங்க விட்டால் தூங்க முடியாத உடல், தூங்கக்கூடாத நேரத்தில் நின்றவாக்கில் தூங்குகிறது. இந்த முரணை விளக்க அறிவியலிடம் இன்று பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் அந்தத் தாமதத்துக்குக் காரணமே விளக்குதான்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது பழைய செய்தி. 1729இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் பகலில் இலை விரிந்தது, இரவில் மூடியது. 1971இல் கோனாப்காவும் பென்ஸரும் பழ ஈயில் இந்தக் கடிகாரத்தைக் குலைக்கும் மரபணு மாற்றங்களைக் கண்டார்கள். 1984இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதன் இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனில் இதன் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள். கல்லீரல், குடல், தசை என்று உடம்பெங்கும் சில்லறைக் கடிகாரங்கள் உண்டு. அவற்றுக்கு நேரம் சொல்வது இந்தத் திரள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தக் கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. அதைத் தினமும் யாராவது திருப்பி வைக்க வேண்டும். யார் அல்லது எது திருப்பி வைக்கிறது? செடிக்கும் ஈக்கும் எலிக்கும் ஒளி என்பதில் சந்தேகம் எழவில்லை. மனிதனிடம் வந்தபோதுதான் அறிவியல் தடுமாறியது.

1962 ஜூலையில் மிஷேல் சீஃப்ர் என்ற இளம் புவியியலாளர் ஆல்ப்ஸ் மலையில் ஸ்காராசோன் என்ற பாதாளக் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கி இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14ஆம் தேதி மேலே வரச் சொன்னபோது, அன்று ஆகஸ்ட் 20 என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நாள் கணக்கில் வராமலே போய்விட்டது. ஆனால் தூங்கி விழிக்கும் லயம் மட்டும் ஏறக்குறைய ஒரு நாள் அளவிலேயே ஓடியிருந்தது. அதே காலத்தில் ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் யூர்கன் ஆஷாஃப் பூமிக்கடியில் ஒரு பதுங்கு அறை கட்டி, ஆட்களை வாரக்கணக்கில் தனிமையில் வைத்துப் பார்த்தார். அங்கே மனித உடலின் 'இயற்கையான' நாள் சுமார் 25 மணி நேரம் என்று கணக்கு வந்தது. கூடவே இன்னொரு முடிவும் வந்தது: மனிதன் மற்ற விலங்குகளைப் போல் ஒளிக்குக் கட்டுப்பட்டவன் அல்லன், அவனுடைய கடிகாரத்தைத் திருப்பி வைப்பவை சமூகச் சைகைகள். பாடப் புத்தகங்களில் இது வெகுகாலம் இருந்தது. மனிதன் இயற்கையைக் கடந்தவன் என்ற ஐரோப்பிய மனிதமையவாதத்துக்கு இது மிகவும் தோதான முடிவு என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த அறைக்குள் என்ன இருந்தது? சாதாரண வீட்டு விளக்கு இருந்தது. தூக்கம் வந்தால் அணைத்துக்கொள்ளலாம், விழித்தால் போட்டுக்கொள்ளலாம். சூரியன், கடிகாரம், செய்தித்தாள், மனிதக் குரல் எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள். அதை யாரும் 'தலையீடு' என்று கருதவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1999இல் சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர் விளக்கின் ஒளியை மிகவும் மங்கலாக்கி, ஆட்கள் விருப்பப்படி போட்டு அணைக்க விடாமல் அளந்தார்கள். மனித நாள் 24 மணி 11 நிமிடம் என்று வந்தது. முன்பு கிடைத்த கூடுதல் முக்கால் மணி மனித இயற்கையில் இருந்ததல்ல, ராத்திரியில் போட்டுக்கொண்ட விளக்கு உடலைத் தள்ளிக்கொண்டு போன தூரம் அது. 'இயற்கை' என்ற பெயரில் அளக்கப்பட்டது மின்விளக்கின் விளைவு.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். ஒரு பொருள் அதிகாரம் பெறுவதன் உச்சம் அது கண்ணில் படாமல் போவது என்று பூக்கோவைப் படித்தவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்தான். ஆனால் இங்கே அது உருவகம் இல்லை. விளக்கை விளக்கின் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆராய்ந்தவர்களுக்கு விளக்கு தெரியவில்லை.

இதன் பிறகு அந்த எண்கள் இறங்கிய வரிசையையும் பாருங்கள். இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. (தேகார்த் ஆன்மாவைக் குடிவைத்த அதே பீனியல்தான்.) இது தூக்க மாத்திரை அன்று, 'இரவு வந்துவிட்டது' என்று உடம்பெங்கும் தண்டோரா போடுகிற பொருள். விலங்குகளில் ஒளி பட்டால் இந்தத் தண்டோரா நின்றுவிடும். மனிதனில் நிற்காது என்றே நம்பினார்கள். 1980இல் ஆல்ஃபிரட் லூயி 2,500 லக்ஸ் ஒளியைக் காட்டினார், நின்றது. 500 லக்ஸில் நிற்கவில்லை. ஆகவே, பிரகாசமான வெளிச்சம்தான் மனிதனைத் தொடும், வீட்டு விளக்கு ஒன்றும் செய்யாது என்று ஆறுதல் கொண்டார்கள். 1996இல் சுமார் 180 லக்ஸே கடிகாரத்தை நகர்த்தும் என்று தெரிந்தது. 2000இல் அது 100 அளவுக்கு வந்தது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 25 லக்ஸ் போதும், மெலடோனினில் பாதி அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசமோ ஐம்பது மடங்குக்கும் மேல்: ஒருவருக்கு 6 லக்ஸ் போதும், இன்னொருவருக்கு 350 வேண்டும்.

இந்த எண்கள் எவ்வளவு என்று உத்தேசமாகத் தெரிந்துகொள்வது நல்லது. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். மேகமூட்டமான பகல்கூடப் பல ஆயிரம். குழல்விளக்கு எரியும் ஆபீஸ் 300 முதல் 500 வரை. வீட்டுக் கூடம் ஐம்பதிலிருந்து நூற்றைம்பது. மெழுகுவத்தி ஒரு மீட்டர் தூரத்தில் 1. பௌர்ணமி நிலவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கு இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. அது சட்டென்று பழகிக்கொள்ளும். பகலில் ஆபீசுக்குள் உட்கார்ந்திருக்கிறவரின் உடலுக்கு அது பகலே இல்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்தால் அது இரவும் இல்லை. பகல் மங்கலாகவும் இரவு வெளிச்சமாகவும் ஆகி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிட்டன. கடிகாரம் எதைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்க்கும்? பகலில் நல்ல வெளிச்சம் பட்ட கண் ராத்திரி விளக்கை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதையும் கண்டிருக்கிறார்கள். அந்த அளவில், விளக்குக்கு எதிரான வாதம் பாதி, வெயில் கிடைக்காமை பற்றிய வாதம் பாதி.

கண்ணுக்குத் தெரிவது வேறு, கடிகாரத்துக்குத் தெரிவது வேறு என்பதற்கு உடற்கூற்றிலேயே ஆதாரம் உண்டு. 1995இல் முழுப் பார்வையும் இழந்த சிலரின் கண்ணில் ஒளி பாய்ச்சியபோது மெலடோனின் அடங்கியது. கண்ணை மூடியபோது அடங்கவில்லை. அதாவது பார்க்காத கண்ணும் வேறு எதையோ அறிகிறது. விழித்திரையில் கம்பணுக்கள், கூம்பணுக்கள் என இரண்டே வகை ஒளி உணரிகள் என்று நூற்றைம்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்துவந்த இடத்தில், மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட மூன்றாவது வகை அணுக்கள் 2002இல் நிறுவப்பட்டன. (நெற்றிக்கண் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, வேண்டாம், நம்மூரில் அப்புறம் அதை வைத்து நூறு புத்தகம் எழுதிவிடுவார்கள்.) இவற்றின் பிரதான வேலை உருவம் பார்ப்பதல்ல, 'எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம்' என்று கூட்டிக் கணக்குப் பார்ப்பது. இவை அதிகம் கவனிப்பது 480 நானோமீட்டரை ஒட்டிய நீலத்தை, அதாவது பகல் வானத்தின் நிறத்தை.

நீலத்தின் கதை இங்கேதான் வருகிறது. அகல், சிம்னி, குண்டு பல்பு எல்லாம் எரிந்து தரும் வெளிச்சம். சிவப்பும் மஞ்சளும் மிகுந்தது, நீலம் குறைவு. சோடியம் தெருவிளக்கில் நீலம் இல்லையென்றே சொல்லிவிடலாம். வெள்ளை எல்ஈடி விளக்கோ அடிப்படையில் ஒரு நீல விளக்கு, மேலே மஞ்சள் பூச்சு. 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இந்த நீலத்துக்குத்தான். இந்தியாவில் 2015க்குப் பிறகு தெருவிளக்குகளை எல்ஈடியாக மாற்றும் திட்டம் ஊர் ஊராக நடந்தது. மின்சாரம் மிச்சம் என்பது உண்மை. அந்தக் கணக்கில் உறக்கத்துக்கு ஒரு கட்டம் போடப்பட்டிருக்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது பெரியப்பாவின் இரவுக்கு வருவோம். ஒளி கடிகாரத்தை எப்பக்கம் திருப்பும் என்பது அது எந்த நேரத்தில் படுகிறது என்பதைப் பொறுத்தது. முன்னிரவில் பட்டால் கடிகாரம் பின்னுக்குப் போகும், மறுநாள் தூக்கம் தாமதிக்கும். விடியலில் பட்டால் முன்னுக்கு வரும். ஃப்ரேமுகளுக்கு மேலே எரியும் குழல்விளக்கு இரவு முழுக்க அவர் கடிகாரத்தை ஒரு பக்கம் இழுக்கிறது. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து கிழக்கே பார்த்து சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வருகிறாரே, அந்த அரைமணி வெயில் மில்லின் எல்லா விளக்கையும்விடப் பல மடங்கு பிரகாசமானது. அது மறுபக்கம் இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்திவிடுகிறது. கடிகாரம் பகல்காரனாகவே இருக்கிறது. உடல் மட்டும் ராத்திரி வேலை செய்கிறது. பதினொரு மணிக்கு அவர் எழுந்து வந்தது சத்தத்தாலோ சூட்டினாலோ மட்டுமல்ல. உடம்பின் உட்சூடு ஏறிவரும் நேரம் அது, உள்ளே இருந்தே எழுப்பிவிடும். ஒழுங்காகப் பழகி முழுக்க மாறிக்கொள்ளலாமே என்றால், நிரந்தர இரவு வேலைக்காரரிலும் மிகச் சிறு பகுதியினருக்கே கடிகாரம் முழுதாக மாறுகிறது. அவரோ வாரத்துக்கு வாரம் மாறியவர். மாறத் தொடங்கும்போது வாரம் முடிந்திருக்கும்.

'சமூகச் சைகை' என்ற பழைய கருத்து அப்படியே பொய் என்றும் தள்ளிவிட முடியாது. இதற்கு மதுரையிலிருந்தே ஓர் ஆதாரம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் இத்துறையில் உலக அளவில் கவனிக்கப்பட்ட வேலை செய்தார்கள். வெளிச்சமே எட்டாத குகையின் ஆழத்தில் இலைமூக்கு வௌவால் ஒன்றைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் சுதந்திரமாகப் போய்வந்துகொண்டிருந்தால், கூண்டில் உள்ளதும் அவற்றோடு சேர்ந்து 24 மணிக் கணக்கில் விழித்தது. வௌவால் இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் நழுவியது. 1981இல் இது வெளியானது. மனிதர்களைத் தனிமையில் வைத்துப் பார்க்கும் அறையும் அங்கே இருந்தது. அப்படித் தங்கிய ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி அவருடைய தூக்கம்-விழிப்பு லயத்தோடு பிணைந்திருக்கவில்லை என்று 1991இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இந்த வேலையைப் பற்றித் தமிழில் நாம் பேசியது எவ்வளவு என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. சசூரைப் பற்றிச் சண்டை போட நமக்கு நேரம் இருந்தது.

விளக்கின் வரலாறு வசதியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஷிவெல்புஷ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1983இல் இதை வேறு மாதிரி எழுதினார். பாரீஸ் தெருக்களில் 1667இல் லாந்தர் தொங்கவிட ஏற்பாடு செய்தவர் ல ரேனி. அவர் போலீஸ் தலைவர். தெருவிளக்கு தொடக்கத்திலிருந்தே கண்காணிப்பின் உறுப்பு. 1830இல் பாரீஸ் மக்கள் கலகம் செய்தபோது விளக்குகளை அடித்து நொறுக்கியது ஏன் என்று கேட்கத் தேவையில்லை. தொழிற்சாலையின் கதை இன்னும் நேரடியானது. 1805இல் இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் ஒரு பஞ்சாலைக்கு முர்டாக் எரிவாயு விளக்கு போட்டார். பெரிய அளவில் வாயுவிளக்கு எரிந்த முதல் இடங்களில் ஒன்று அரண்மனையோ நாடகக் கொட்டகையோ அல்ல, பஞ்சாலை. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இரவு வேலைக்கும் 'ரிலே' முறைக்கும் தனிப் பகுதியே ஒதுக்கினார். ராத்திரி சும்மா நிற்கும் எந்திரம் மூலதனத்துக்கு நஷ்டம். மனித உடல் 24 மணியும் ஓடாது என்பதால் ஆட்களை மாற்றிமாற்றி ஓட்டுவது. அவர் அறியாதது, மாற்றப்பட்ட ஒவ்வொரு ஆளுக்குள்ளும் மாறாத ஒரு கடிகாரம் இருந்தது என்பது.

இதிலிருந்து 'அந்தக் காலத்தில் நன்றாகத் தூங்கினார்கள்' என்று முடிவுக்குத் தாவுகிற ஒரு போக்கு உண்டு. அதை நான் நம்பவில்லை. ரோஜர் ஈகெர்ச் என்ற வரலாற்றாளர், தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இரவை இரண்டாகப் பிரித்துத் தூங்கியதற்கு ஏராளமான ஆவணங்கள் காட்டினார். தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைக்கப்பட்டவர்கள் அப்படியே தூங்கத் தொடங்கியதை 1992இல் தாமஸ் வெர் கண்டிருந்தார். ஆனால் 2015இல் தான்சானியாவின் ஹாட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களின் தூக்கத்தை அளந்தபோது, மின்சாரம் இல்லாத அவர்கள் 5.7 முதல் 7.1 மணி நேரமே தூங்கினார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே தூக்கமாக. பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்தார்கள். அதே வருஷம் அர்ஜென்டினாவில், ஒரே இனத்தைச் சேர்ந்த கோம் மக்களின் இரு குடியிருப்புகளை ஒப்பிட்டபோது, மின்சாரம் உள்ளவர்கள் இல்லாதவர்களைவிட 40 நிமிடம் முதல் ஒரு மணி வரை குறைவாகத் தூங்கினார்கள். இரண்டும் சேர்ந்து என்ன சொல்கின்றன? கறைபடாத ஆதித் தூக்கம் என்று ஒன்று எங்கும் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் விளக்கு வந்தால் தூக்கம் பின்வாங்குகிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இன்று நம் காதில் விழுவது செல்போனைப் பற்றிய உபதேசம்தான். படுக்கையில் போன் பார்க்காதே, நீல ஒளி கெடுதல், மஞ்சள் கண்ணாடி வாங்கு. 2015இல் வந்த, மிகவும் பேசப்பட்ட ஓர் ஆய்வில் 12 பேர் மங்கலான அறையில் தினமும் நான்கு மணி நேரம் மின்திரையில் புத்தகம் படித்தார்கள். மெலடோனின் பாதிக்கும் மேல் அடங்கியது உண்மைதான். தூக்கம் வரத் தாமதமான நேரம் சுமார் பத்து நிமிடம். பத்து நிமிடம் அற்பம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் தூக்கமின்மை முழுவதையும் தனிமனிதனின் கட்டைவிரலில் கொண்டுபோய் வைப்பதற்கு இந்தப் பத்து நிமிடம் தாங்குமா?

சென்னையில் ஏழை உழைப்பாளிகள் 452 பேரிடம் மணிக்கட்டுக் கருவி கட்டி நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தார்கள். தூங்கியது ஐந்தரை மணி. விழித்து விழித்துத் தூங்கிய தூக்கம் அது. புழுக்கம், கொசு, தெருச்சத்தம், வெளிச்சம், நெருக்கடியான அறை. கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை என்று கொடுத்து, அறிவுரையும் ஊக்கத்தொகையும் சேர்த்ததில் இன்னொரு 27 நிமிடம் தூங்கினார்கள். அதனால் வேலைத்திறனோ சம்பாத்தியமோ கூடவில்லை, ஏனென்றால் அந்தக் கூடுதல் நிமிடங்களும் அதே துண்டுபட்ட தூக்கம்தான் என்று தோன்றுகிறது. வேலை செய்யுமிடத்தில் மதியம் கொடுத்த சின்னத் தூக்கம் பலன் தந்தது. பெரியப்பா கேட்டிருந்தால், "இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்றிருப்பார். தூக்கம் ஒழுக்கத்தின் விஷயம் அல்ல, இடத்தின் விஷயம். ஜன்னலுக்கு வெளியே எரியும் விளக்கின் சுவிட்ச் எவன் கையில் இருக்கிறது என்ற விஷயம்.

பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் சிக்கலாகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, மாலை ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடை போட்டது. அது பெண்ணுடலை இரவிலிருந்து 'காப்பாற்றிய' சட்டம். அதில் உடற்கடிகாரம் பற்றிய கவலை கிடையாது, ஒழுக்கம் பற்றிய கவலை உண்டு. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் சமத்துவத்துக்கு விரோதமென்று அதைத் தள்ளுபடி செய்தது. சரியான தீர்ப்பு. ஆணுக்குத் திறந்திருக்கும் கூலியைப் பெண்ணுக்கு மூடுவதற்கு நியாயம் கிடையாது. ஏழே வருஷத்தில், 2007இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்டை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. 2019இல் மறுபரிசீலனை செய்து அதே வகையில் வைத்தது. மார்பகப் புற்றுநோய்தான் விவாதத்தின் மையம். ஆதாரம் முற்றுப்பெற்றது என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் டென்மார்க்கில், வாரத்துக்கு ஓர் இரவாவது வீதம் இருபது வருஷத்துக்கு மேல் இரவு வேலை செய்து மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ நாற்பது பெண்களுக்கு 2008-09இல் நஷ்டஈடு கொடுத்தார்கள். அது தொழிலால் வந்த நோய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. நம்முடைய 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலையை அனுமதிக்கிறது. பாதுகாப்பு, போக்குவரத்து எல்லாம் பேசப்படுகிறது. சம்மதம் கேட்கும்போது இருபது வருஷம் கழித்து உடம்பில் என்ன ஆகலாம் என்பதையும் சொல்லிக் கேட்பார்களா? ஆணிடம் இந்தச் சம்மதத்தை யாரும் எப்போதும் கேட்டதே இல்லை. சமத்துவம் என்றால் பெண்ணுக்கும் அந்த இரவு என்று மட்டும் ஏன் ஆனது, ஆணின் இரவும் கேள்விக்குள்ளாக வேண்டும் என்று ஏன் ஆகவில்லை? இந்த இடத்தில் நமது தொழிற்சங்கங்களின் நினைவு இரவுப்படியோடு நின்றுவிடுகிறது. அது கூலியை உயர்த்தியது. வாரச் சுழற்சியின் வேகத்தையோ திசையையோ, பகலில் தூங்க இருட்டான ஓர் அறையையோ கோரிக்கையாக்கியதை நான் பார்த்ததில்லை.

பெரியப்பா 1996இல் ஓய்வு பெற்றார். சில வருஷங்களுக்கு முன் அவர் வீட்டு வாசல் கம்பத்தில் மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை விளக்கு மாட்டினார்கள். போனமுறை போயிருந்தபோது பார்த்தேன், அதே ஜன்னலில் மறுபடியும் ஜமக்காளம் தொங்கியது. "பகல்ல தூங்கறீங்களா இப்ப?" என்று கேட்டேன். "பகலுக்கில்லடா, ராத்திரிக்கு" என்றார்.